பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்: ஈசியூ (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?

வைகைக்கரை | திங்கள், இரவு 10.50

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். காத்திருக்கிறேன்.

வண்டி 2012-ஆம் ஆண்டுச் சிறிய பெட்ரோல் கார். நேற்றுக் காலை செல்ஃப் எடுக்கவில்லை, டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, அதன்மேல் குற்றமில்லை. எதிர்வீட்டு அண்ணன் தன்னிடம் சும்மா கிடக்கும் பேட்டரியைக் கொடுத்து, கடை திறக்கும்வரை போட்டுக்கொள் என்றார். தட்டில் வைத்தேன், வார்த்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. அந்தப் பொருத்தம்தான் என்னைக் கெடுத்தது.

மாலை ஏழு மணி. மின்சாரம் இல்லை. கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் வேலை. என் வண்டியில் இரண்டு கேபிளுமே கறுப்பு. பாசிட்டிவ் கிளாம்ப்பின் சிவப்பு மூடி எந்தக் காலத்திலோ காணாமல் போயிற்று. பழைய பேட்டரியில் பாசிட்டிவ் வலப்பக்கம் இருந்தது நினைவிருந்தது. ஆகவே வலக் கேபிளை வல முனையில் மாட்டினேன். லொடலொடவென்று ஆடியது, திருகை இறுக்கிச் சமாளித்தேன். இடக் கேபிளோ முனையில் இறங்கவே மறுத்தது. ஸ்குரூடிரைவரால் கிளாம்ப்பின் வாயை நெம்பி அகட்டி, முனையின்மேல் அழுத்தினேன்.

நீல நிறத்தில் ஒரு பொறி. ஃபியூஸ் பெட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம், எலக்ட்ரீஷியன் கடைக்குள் நுழைந்தால் வருமே, அதே நாற்றம். மூன்று நான்கு விநாடிக்குள் பிடுங்கிவிட்டேன். சாவி போடவில்லை.

சரியாக மாற்றி மாட்டிய பிறகு உள்விளக்குகூட எரியவில்லை. ஹாரன் இல்லை, எதுவுமே இல்லை. இன்று காலை ஒர்க் ஷாப்பிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, பத்து நிமிடம் பானட்டுக்குள் பார்த்துவிட்டு, "ஈசியூ போச்சு சார், 38 ஆயிரம் ஆகும், வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாமா?" என்றார். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கரிச்சட்டி | திங்கள், இரவு 11.02

சிரித்து முடித்துவிட்டேன். அடுத்தவர் வரலாம்.

பழையவண்டி | திங்கள், இரவு 11.20

தம்பி, இதற்கெல்லாம் பதறாதே. எங்கள் வீட்டில் மாரிஸ் மைனர் இருந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை. நெகட்டிவ்தான் 'கரன்ட்' கம்பி. எங்கள் ஊர் மெக்கானிக் மற்ற வண்டிகளுக்குப் பழகிய கையால் அதை நூறு தடவை மாற்றி மாட்டியிருப்பார். ஆம்பியர் மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் சாயும், அவ்வளவுதான். திருப்பி மாட்டுவார், வண்டி ஓடும். இன்றைய வண்டிகளில் எதைத் தொட்டாலும் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள்.

டையோடுதாசன் | செவ்வாய், காலை 6.15

பழையவண்டி ஐயா சொல்வது அவர் வண்டிக்குச் சரி. மாரிஸில் இருந்தது உண்மையான டைனமோ. கம்யூட்டேட்டரும் கரித்துண்டும்தான், டையோடு என்ற பேச்சே கிடையாது. நம் பட்டறைகளில் இன்றும் 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்கள் என்றாலும், வைகைக்கரையின் வண்டியில் இருப்பது ஆல்டர்னேட்டர். கதையே அங்கேதான் மாறுகிறது.

ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள் மூன்று கட்ட மாறுமின்சாரம் தயாரிக்கிறது. அதை நேர்மின்சாரமாக்க ஒரு டையோடு பிளேட், அதில் ஆறு டையோடுகள். இரண்டிரண்டாகத் தொடரில், மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஒருவழிக் கதவுபோல் நிற்கிறது. பேட்டரி சரியாக இருக்கும்வரை கதவு சாத்தியே இருக்கும். பேட்டரியைத் திருப்பி மாட்டினால் மூன்று ஜோடிக் கதவும் ஒரே நேரத்தில் அகலத் திறந்துவிடும். ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள், டையோடு, என்ஜின், எர்த் என்று பேட்டரிக்கு நேரடி ஷார்ட் சர்க்கியூட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இதற்குச் சாவி போடவே தேவையில்லை. அந்தக் கேபிள் எப்போதும் இணைப்பில்தான் இருக்கிறது.

இந்த வெள்ளத்தைத் தடுக்கப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு மெயின் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். உங்கள் வண்டி போன்றவற்றில் பெரும்பாலும் 80 ஆம்பியர் அல்லது அதை ஒட்டியது. நீங்கள் கேட்ட 'டப்' அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது போனால் வண்டி முழுவதும் செத்துத்தான் கிடக்கும், உள்விளக்கு உட்பட. ஈசியூ மட்டும் போயிருந்தால் உள்விளக்கும் ஹாரனும் ஏன் போகவேண்டும்? உங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்த ஒரு கேள்வியைத் தனக்குத்தானே கேட்டிருந்தால் 38 ஆயிரம் என்ற எண் அவர் வாயில் வந்திருக்காது.

செய்யவேண்டியது: பேட்டரி சரியாக மாட்டியிருக்கட்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை என்ஜினின் வெற்று இரும்பில். சிவப்பு முனையை மெயின் ஃபியூஸின் பேட்டரிப் பக்கத் திருகில் வையுங்கள், 12 வோல்ட் சொச்சம் காட்டும். அடுத்த பக்கத்தில் வையுங்கள். அங்கே பூஜ்யம் என்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அவிநாசிசாலை | செவ்வாய், காலை 7.40

அந்த இரவல் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். கடைசி எழுத்து எனக்கு வேண்டும்.

வைகைக்கரை | செவ்வாய், காலை 8.05

38பி20ஆர். என் பழையதைப் பார்த்தேன்: 38பி20எல். இரண்டும் ஒன்றுதானே என்று இந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன்.

அவிநாசிசாலை | செவ்வாய், காலை 8.30

நினைத்தேன். இருபது வருடம் பேட்டரி விற்றவன் நான். இந்த ஓர் எழுத்து எத்தனை பேர் குடியைக் கெடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

38 என்பது திறன் வரிசை. பி என்பது அகல, உயர வகை. 20 என்பது நீளம், செ.மீ.யில். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் பேட்டரி தட்டில் கச்சிதமாக உட்காரும். எல்லும் ஆரும் முனைகள் இருக்கும் பக்கத்தைச் சொல்கின்றன. இதில் இன்னொரு கண்ணி வேறு. முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி பேட்டரியை வைத்துப் பார்த்தால், எல் வகையில் பாசிட்டிவ் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். ஆர் வகையில் இடக்கைப் பக்கம். எல் என்றால் இடது என்று பொருள் கொண்டு ஏமாந்தவர்கள் கடைக்காரர்களிலேயே உண்டு. ஜப்பானியத் தரத்தில் இதைப் பேட்டரியின் குறுகிய பக்கத்திலிருந்து, பாசிட்டிவ் முனை இருக்கும் ஓரமாக நின்று பார்த்து எழுதுகிறார்கள். அதனால் வந்த குழப்பம்.

இன்னொன்று. முனைகள் இரண்டும் ஒரே பருமன் இல்லை. இந்தச் சிறிய வகையில் பாசிட்டிவ் முனை சுமார் 14.7 மி.மீ., நெகட்டிவ் 13 மி.மீ. பெரிய பேட்டரிகளில் 19.5, 17.9. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு கிளாம்ப் ஆடியது, இன்னொன்று இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பேட்டரி தன்னால் முடிந்தவரை உங்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது. நீங்கள் ஸ்குரூடிரைவரால் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்.

கரிச்சட்டி | செவ்வாய், காலை 8.33

அடைக்கவில்லை, அகட்டியிருக்கிறார்.

வைகைக்கரை | செவ்வாய், மாலை 6.20

அடி வாங்கிக்கொண்டேன்.

சோதனை முடிவு: பேட்டரிப் பக்கம் 12.3, அடுத்த பக்கம் 0. அது செருகும் ஃபியூஸ் அல்ல, திருகி மாட்டியது. ஃபியூஸ் பெட்டியைத் தூக்கி அடியிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. அதற்கே ஒரு மணி நேரமும் ஒரு விரல் தோலும் செலவு. கண்ணாடி மூடிக்குள் உலோகப்பட்டை உருகித் தெறித்துக் கறுத்துக் கிடக்கிறது. 80 ஆம்பியர்தான். உள்ளே உள்ள சிறு ஃபியூஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஸ்டீரியோவுக்கான 15 ஆம்பியர் மட்டும் போயிருக்கிறது. மற்றவை நலம்.

பக்கத்துக் கடையில் 80 இல்லை, 100 இருக்கிறதாம். போடலாமா? கடைப் பையன், அவசரத்துக்கு ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்றும் சொன்னான்.

டையோடுதாசன் | செவ்வாய், மாலை 6.31

வேண்டவே வேண்டாம். 100-ம் வேண்டாம், கம்பியும் வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களும் கேளுங்கள்.

டையோடு பிளேட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒரு ஜோடி முழுவதும் ஷார்ட் ஆகியிருந்தால், பேட்டரியைச் சரியாக மாட்டினாலும் அதே வெள்ளம் மறுபடி பாயும். 80 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் இன்னொரு முறை 'டப்', அத்துடன் முடிந்தது. செம்புக் கம்பி என்றால் உருகுவது வயரிங். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் நடக்கும் விளையாட்டு இது. வண்டி எரிந்தால் பையன் வந்து அணைக்கமாட்டான்.

80 கிடைக்கும்வரை பஸ்ஸில் போங்கள். போடுவதற்கு முன் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த கம்பியைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். அப்படியே புது ஃபியூஸைப் போட்டு, சாவியை இரண்டாம் நிலைவரை மட்டும் திருப்புங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறதா, பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'உய்ங்' என்று சத்தமிட்டு நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் ஈசியூ உயிரோடு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்தப் பம்ப்பை ஓடவிடுவதும் நிறுத்துவதும் அதன் வேலைதான்.

மீட்டர்முள் | செவ்வாய், இரவு 9.10

ஒரு சந்தேகம். பேட்டரி தலைகீழாக இருந்த மூன்று நான்கு விநாடியும் ஈசியூவுக்குள் மின்சாரம் தலைகீழாகப் போயிருக்குமே. அது எப்படிப் பிழைக்கும்? நான் ஒரு பழைய ஸ்டீரியோவைத் தலைகீழாக மாட்டி, அதன் வயிற்றில் கப்பாசிட்டர் வெடித்துப் புகை வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டையோடுதாசன் | செவ்வாய், இரவு 10.25

நல்ல கேள்வி. மூன்று காரணங்கள், அவற்றில் ஒன்று கொஞ்சம் வேடிக்கையானது.

சாவி போடாதபோது ஈசியூவின் பிரதான இணைப்பு மெயின் ரிலே என்ற மின்சுவிட்சில் அறுந்து நிற்கிறது. நினைவாற்றலுக்கான ஒரு சிறிய கம்பி மட்டுமே உயிரோடு இருக்கும். சாவியைப் போட்டுவிட்டுப் பேட்டரியை மாற்றி மாட்டுபவர்களின் கதை வேறு, பெரும்பாலும் சோகமானது.

அடுத்து, இந்தத் தவறு நடக்கும் என்று தயாரிப்பாளர்களுக்கே தெரியும். கார்களின் மின்னணுப் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலையில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. 12 வோல்ட் வண்டிப் பாகத்துக்கு 14 வோல்ட்டைத் தலைகீழாக 60 விநாடி கொடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் அதே தரநிலையில் ஒரு சலுகையும் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஃபியூஸே இல்லாமல், டையோடுகள் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கும் வண்டியாக இருந்தால் 4 வோல்ட் கொடுத்தால் போதும்.

ஏன் 4? இதுதான் வேடிக்கை. டையோடுகள் திறந்துகொண்டு முழுப் பேட்டரியையும் ஷார்ட் செய்வதால், வண்டிக்குள் போகும் தலைகீழ் அழுத்தம் சில வோல்ட்டுக்குமேல் ஏற முடியாது. அதாவது ஆல்டர்னேட்டர் தன் நெஞ்சைக் காட்டி மற்றவர்களைக் காப்பாற்றுகிறது. உங்கள் வண்டியில் ஃபியூஸ் இருப்பதால் அது சில கணம்தான், பிறகு ஃபியூஸ் போய், வண்டிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே அறுந்துவிட்டது. அதுவும் பாதுகாப்புதான்.

உங்கள் ஸ்டீரியோ தனியாக, நேரடியாக மாட்டப்பட்டது. அதைக் காப்பாற்ற யாரும் இல்லை, பாவம். வைகைக்கரையின் ஸ்டீரியோவில் உள்ளே ஒரு காவல் டையோடு இருந்திருக்கும். அது தலைகீழ் மின்சாரத்துக்குத் திறந்து வழிவிட்டு 15 ஆம்பியர் ஃபியூஸைப் பலிகொடுத்திருக்கிறது. அந்த டையோடு பிழைத்திருந்தால் ஃபியூஸ் மாற்றியதும் பாடும். இல்லாவிட்டால் ஃபியூஸ் மறுபடி போகும்.

பழையவண்டி | புதன், காலை 5.50

டையோடு தம்பி விளக்கியது புரிந்தது. நேற்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், ஒன்றை மறைத்தும்விட்டேன். மாரிஸிலும் ஒன்றும் ஆகாது என்பது முழு உண்மை இல்லை. பேட்டரி முனையைத் திருப்பினால் டைனமோவுக்கும் புது முனையைப் பழக்க வேண்டும். டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனைக் கம்பியைப் பேட்டரியின் உயிர் முனையில் ஒரு கணம் தொட்டு எடுப்பார்கள், அதற்குள் காந்தம் திசை மாறிவிடும். ஒரு தடவை அதைச் செய்ய மறந்து வண்டியை எடுத்தோம். மானாமதுரை தாண்டுவதற்குள் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக் கருகிப்போயின. அப்பா என்னை அன்று இரவு முழுவதும் வண்டியிலேயே படுக்கவைத்தார், காவலுக்கு.

வைகைக்கரை | வியாழன், இரவு 8.15

80 ஆம்பியர் ஃபியூஸ் இன்று கிடைத்தது. ஆல்டர்னேட்டர் கம்பியைக் கழற்றிவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் விளக்கு எரிந்தது. பின்சீட்டுக்கு அடியில் 'உய்ங்'. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, ஏன் கத்துகிறீர்கள் என்றாள். கத்தியது எனக்கே தெரியவில்லை.

செல்ஃப் அடித்தேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. பிறகு அணைத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிக்கொண்டு, ஆல்டர்னேட்டர் கம்பியையும் மாட்டிப் பார்த்தேன். ஃபியூஸ் நின்றது. ஸ்டீரியோ பாடுகிறது. 38 ஆயிரம் மிச்சம். எல்லோருக்கும் நன்றி. இழையை மூடிவிடலாம்.

டையோடுதாசன் | வியாழன், இரவு 8.40

மூடாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட்?

வைகைக்கரை | வெள்ளி, காலை 7.05

பார்க்கவில்லை. இப்போது பார்க்கவும் முடியாது. வண்டி மறுபடியும் டக் டக்.

கரிச்சட்டி | வெள்ளி, காலை 7.10

பேட்டரியை எதிர்வீட்டாரிடம் எப்போது திருப்பிக் கொடுப்பதாக உத்தேசம்?

நொய்யல் | வெள்ளி, காலை 9.30

வைகைக்கரை, இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் எங்கள் அலுவலக மேலாளரின் காருக்கு அப்படி உதவப் போய் என் காரின் மெயின் ஃபியூஸைப் பறிகொடுத்தவள். அவர் தன் பக்கத்துக் கேபிளை மாற்றிக் கவ்வவிட்டார், அடி விழுந்தது இரண்டு வண்டிக்கும். உதவி செய்பவர் வண்டிக்கும் ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் எனக்கு ஊதிய உயர்வும் வரவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனை செத்த வண்டியின் என்ஜின் இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரிக்குமேல் ஹைட்ரஜன் நிற்கும், அதனால்தான் தள்ளிக் கவ்வவைக்கிறோம்.

டையோடுதாசன் | வெள்ளி, மதியம் 1.10

நொய்யல் சொன்னபடி கிளப்புங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு பேட்டரியைச் சார்ஜில் போட்டு நிரப்பிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். கதவைச் சாத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் போய்விடும், ஜாக்கிரதை. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் வண்டி தூங்குகிறது என்று பொருள்.

வைகைக்கரை | சனி, மதியம் 12.40

ஓடும்போது 12.9. அணைத்து அரை மணி நேரம் கழித்து 0.9 ஆம்பியர்! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் அசையவில்லை. ஆல்டர்னேட்டர் கம்பியைக் கழற்றினேன், 0.03-க்கு இறங்கியது.

இன்னொன்று. காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். இரவெல்லாம் நின்ற வண்டி, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல.

மீட்டர்முள் | சனி, மதியம் 2.00

0.9 × 12 மணி நேரம் = 10.8 ஆம்பியர்-மணி. சுமார் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி, அதுவும் பழையது, ஏற்கெனவே ஷார்ட்டில் அடிபட்டது. காலையில் படுத்துவிட்டதில் வியப்பில்லை. ஒரு டையோடு ஷார்ட்.

டையோடுதாசன் | சனி, மாலை 4.30

ஒன்று போதாது, மீட்டர்முள். யோசித்துப் பாருங்கள். பாசிட்டிவ் பக்க டையோடு ஒன்று மட்டும் ஷார்ட் ஆனால் பேட்டரி அழுத்தம் சுருள்கம்பிவரை வரும். அங்கிருந்து பாடிக்குப் போக நெகட்டிவ் பக்க டையோடு விடாது. பேட்டரி இறங்காது, சார்ஜ் மட்டும் குறையும். ஓடும்போது 12.9 இருப்பதற்கு அந்த ஷார்ட்டே காரணம். இரவில் 0.9 போகிறது என்றால் நெகட்டிவ் பக்கத்திலும் ஒன்று அரைகுறையாகக் கசிகிறது. இரண்டும் முழு ஷார்ட் என்றால் மெயின் ஃபியூஸ் நின்றிருக்காது. ஒன்று செத்தது, ஒன்று நோயாளி.

வைகைக்கரை, பேட்டரி கழற்றிய நிலையில், கம்பி கழற்றிய ஆல்டர்னேட்டரில் மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை அதன் உடம்பிலும் கறுப்பை அந்தத் தடித்த திருகிலும் வையுங்கள். நல்லதாக இருந்தால் இரண்டு டையோடு சேர்ந்து 0.8-லிருந்து 1 வரை காட்டும். மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக்கூடாது.

வைகைக்கரை | சனி, மாலை 5.15

0.43. மாற்றி வைத்தால் ஏதோ ஓர் எண் வந்து ஆடிக்கொண்டே இருக்கிறது.

டையோடுதாசன் | சனி, மாலை 5.18

பாதிதான் காட்டுகிறது, ஒன்று செத்துவிட்டது. மாற்றி வைத்தாலும் எண் வருகிறது, மற்றது கசிகிறது. புது ஆல்டர்னேட்டர் வாங்காதீர்கள். டையோடு பிளேட் மட்டும் மாற்றுபவரைத் தேடுங்கள்.

அவிநாசிசாலை | சனி, இரவு 7.00

பழைய பேருந்து நிலையங்களைச் சுற்றி செல்ஃப் மோட்டார், டைனமோ வேலை மட்டும் பார்க்கும் சிறு பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கும். பெயர்ப்பலகை இருக்காது, வாசலில் அர்மேச்சர் (செம்புக்கம்பி சுற்றிய மோட்டார் உருளை) குவியல் இருக்கும். அதுதான் அடையாளம்.

மீட்டர்முள் | ஞாயிறு, காலை 10.00

இடையில் ஒரு கேள்வி: இன்சூரன்ஸில் கேட்க முடியாதா? முழுப் பாலிசி வைத்திருப்பவர்கள்?

நொய்யல் | ஞாயிறு, காலை 10.45

நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். நம் நாட்டுப் பேக்கேஜ் பாலிசியின் விலக்குகளில் தேய்மானத்தோடு சேர்த்து 'இயந்திர அல்லது மின் பழுது' என்றும் எழுதியிருக்கிறது. அதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்தவர்கள் தங்கள் தாளை எடுத்துப் படிக்கட்டும்.

வைகைக்கரை | செவ்வாய், இரவு 9.30

வாசலில் அர்மேச்சர் குவியல் இருந்தது. உள்ளே அறுபது வயதுப் பெரியவர் ஒருவர். ஆல்டர்னேட்டரைப் பிரித்து, டையோடு பிளேட்டைச் சாலிடர் எடுத்துக் கழற்றி, ஒரு பல்பும் இரண்டு கம்பியும் கொண்டே ஆறையும் சோதித்தார். மீட்டரைத் தொடவே இல்லை. ஒரு டையோடில் பல்பு இரு பக்கமும் பளிச்சென்று எரிந்தது. இன்னொன்றில் மாற்றி வைத்தால் மங்கலாக எரிந்தது. டையோடுதாசன் வீட்டிலிருந்தபடியே சொன்னது அப்படியே. "பேட்டரியைத் திருப்பிப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "யாரும் ஆமாம்னு சொல்லமாட்டாங்க, தானா போச்சுன்னுதான் சொல்வாங்க" என்றார்.

பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். ஃபியூஸ் 180. இப்போது ஓடும்போது 14.2. அணைத்தால் 0.03.

புதுப் பேட்டரி வாங்கிவிட்டேன், கடைசி எழுத்தை மூன்று முறை படித்த பிறகு. கேபிளின் பாசிட்டிவ் முனையில் சிவப்பு நகச்சாயம் பூசியிருக்கிறேன், மனைவியிடம் கேட்காமல். அகட்டிய நெகட்டிவ் கிளாம்ப்பையும் மாற்றியாயிற்று.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. சாவியின் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் கதவு பூட்டுகிறது, மற்ற மூன்றும் பூட்டுவதில்லை. இது முன்பே இருந்ததா, அன்று வந்ததா என்று எனக்கே நினைவில்லை.

டையோடுதாசன் | செவ்வாய், இரவு 9.52

அந்தப் பூட்டு வெளியில் வாங்கி மாட்டியதா, வண்டியோடு வந்ததா?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 9.55

வெளியில் மாட்டியது. பெட்டியின்மேல் எந்தப் பெயரும் இல்லை.

டையோடுதாசன் | செவ்வாய், இரவு 9.58

அப்படியானால் அதற்குள் காவல் டையோடு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே உள்ள ரிலேக்களில் ஒன்றின் சுருளுக்குக் குறுக்கே இருக்கும் சிறு டையோடு கருகியிருக்கலாம். தலைகீழ் மின்சாரத்தில் முதலில் சாவது அதுதான். பெட்டியைத் திறந்து மோந்து பாருங்கள்.

கரிச்சட்டி | செவ்வாய், இரவு 10.04

என் பைக்கிலும் நேற்று இப்படி ஆகிவிட்டது. ஃபியூஸ் போகவில்லை, ஆனால் இண்டிகேட்டர் எரிந்தபடியே நிற்கிறது, மினுக்குவதில்லை. யாராவது பார்க்க முடியுமா?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.05

முதலில் சிரித்துக்கொள்கிறேன். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.